கீழ்நோக்கிய கிணறு

சேந்தமங்கலம் என்று சொன்னால் வரலாறு படித்த நண்பர்கள் கோப்பெருஞ்சிங்கனைப் பற்றிக் கேட்பார்கள். மூன்றாம் ராஜராஜ சோழனைப் பிடித்துச் சிறை வைத்த ஊர் அதுதானே என்பார்கள். அது உளுந்தூர்பேட்டைப் பக்கத்துச் சேந்தமங்கலம். எங்களுடையது நாமக்கல்லுக்கு வடகிழக்கே, கொல்லிமலை அடிவாரத்தில் இருப்பது. எங்கள் ஊருக்கும் கோட்டைக் கதை உண்டு. நாமக்கல் மலைக்கோட்டையைக் கட்டியவர் என்று சொல்லப்படும் ராமச்சந்திர நாயக்கர் சேந்தமங்கலம் பாளையக்காரர்தான். ஆனால் நான் எழுத வந்தது கோட்டையைப் பற்றி இல்லை. அப்பாரு வாங்கி, அப்பாவுக்கு வந்து, போன வருஷம் நாங்கள் விற்ற ஒரு ஓட்டு வீட்டைப் பற்றி.

வாங்க வந்தவர் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் போர் போட்டுக் காசு சேர்த்தவர். நாலு தடவை வீடு பார்க்க வந்தார்கள். முதல் தடவை அவருடைய மனைவி. சமையலறையைப் பார்த்தார், தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது என்று கேட்டார். இரண்டாம் தடவை வாஸ்து பார்க்கிறவர், கையில் திசைகாட்டியோடு. மூன்றாம் தடவை மச்சான். அவர் வீட்டைவிட அக்கம்பக்கத்தைத்தான் அதிகம் விசாரித்தார். நாலாவது தடவை வக்கீல் குமாஸ்தா. அவர் உள்ளேயே வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து மூலப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, முப்பது வருஷ வில்லங்கம் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு மோர் குடித்துவிட்டுப் போனார்.

நாலு பேரில் ஒருத்தர்கூடச் சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. வாசக்காலில் செல் அரித்திருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்க்கவில்லை. பின்னறைக்குள் எல்லோரும் போனார்கள். தரையில் புது டைல்ஸ் பளபளவென்று இருந்தது. "நல்லாப் போட்டிருக்கீங்க" என்று அந்த அம்மா சொன்னார்.

அந்த டைல்ஸ் போட்டு அப்போது இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. ஏன் போட்டோம் என்று எனக்கும் அப்பாவுக்கும் தெரியும். அந்த அறைக்கு அடியில் ஒரு கிணறு இருக்கிறது. 1983 வறட்சியில் வற்றிப்போன கிணற்றை, இடித்த சுவரின் மண்ணையும் ஓட்டுச் சில்லையும் கொட்டி மூடி, அதன் மேல் அப்பாரு அறை எடுத்தார். மழைக்காலம் முடிந்தால் தரை ஒரு விரல்கடை இறங்கும். "அங்க அரிசி மூட்டைய அடுக்காத சாமி" என்று அப்பாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் மூன்று தடவை தரையை மாற்றியிருந்தோம். இது நாலாவது.

*

மாடு வாங்கப் போகிறவர் சுழி பார்ப்பார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். அதே மனுஷன் வீடு வாங்கும்போது காகிதத்தைத்தான் பார்க்கிறார். இது ஏன் என்ற கேள்வி எனக்கு அந்தத் திண்ணையில்தான் வந்தது. பல மாதம் இதைத் துரத்திக்கொண்டு போனேன்.

தமிழில் பத்திரச் சோதனை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சுந்தரர் கதை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் வருவது. புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம் நடக்கிறது. ஒரு முதியவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அங்கே முதியவர், கிழித்தது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார். அவையத்தார் அசரவில்லை. பாட்டன் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு கையெழுத்தையும் ஒப்பிடுகிறார்கள். பொருந்துகிறது. சுந்தரர் தோற்கிறார்.

இதுவரை நமக்குப் பழக்கமான கதை. இன்றைக்கு வக்கீல்கள் மூலப்பத்திரம் கேட்பதும் இதே காரணத்துக்குத்தான். ஆனால் அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். தீர்ப்பு சொன்ன பிறகு அவையத்தாருக்கு ஒரு சந்தேகம் வருகிறது. ஓலையில் உங்கள் ஊர் இதுவென்று இருக்கிறதே, இங்கே உங்கள் வீடு எது, காட்டுங்கள் என்கிறார்கள். முதியவர் எழுந்து நடந்து திருவருட்டுறைக் கோயிலுக்குள் போய் மறைகிறார். பக்தர்களுக்கு அது இறைவன் வெளிப்பட்ட இடம். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. ஓலையை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த அவைக்கு, வீட்டைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் கடைசியில்தான் வருகிறது.

சோழர் காலத்து நிலவிற்பனைக் கல்வெட்டுகளிலும் கிட்டத்தட்ட இதே மனசுதான். கிழக்கு எல்லை எது, தெற்கு எல்லை எது என்று நாலு பக்கமும் சொல்வார்கள். அதற்குள் அடங்கிய எல்லாமும் சேர்த்து விற்றோம் என்பதற்கு ஒரு வாய்பாடு உண்டு: மேல்நோக்கிய மரமும், கீழ்நோக்கிய கிணறும். பிற்காலப் பத்திரங்களில் இதன் இடத்தில் நிதி நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று வடமொழி வாய்பாடு வந்தது. புதையல் கிடைத்தாலும் உனக்கே, தண்ணீரும் மரமும் கல்லும் உனக்கே என்று அர்த்தம். எது எது உன்னுடையது என்பதை இவ்வளவு அழகாகச் சொன்ன பத்திரங்களில், அது எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு ஒரு வாய்பாடும் இல்லை. மரம் பட்டுப்போனதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, அதெல்லாம் வாங்குகிறவன் பாடு.

*

எங்கள் பக்கம் இதற்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் கம்பெனி கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரி பொறுப்பேற்றார். அவருக்கு உதவியாக வந்த இளம் அதிகாரிகளில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் மதராஸ் மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரி முறை இங்கேதான் தவழப் பழகியது. ஒவ்வொரு வயலாக அளந்து, ஒவ்வொரு குடியானவனிடமும் நேராக வரி பேசும் முறை.

அளந்தவர்கள் கண்ணும் கருத்துமாக அளந்தார்கள். பிறகு வந்த சர்வே செட்டில்மெண்டுகளில் மண்ணையே கரிசல், செவல் என்று பிரித்து, அதிலும் களி எவ்வளவு மணல் எவ்வளவு என்று பார்த்துத் தரம் போட்டார்கள். ஆனால் இந்த அளவை ஊருக்குள் வந்ததும் நின்றுவிட்டது. குடியிருப்புக்கு நத்தம் என்று பெயர். நத்தத்துக்கு வரி இல்லை. வரி இல்லாத இடத்தை எதற்கு அளப்பது? அதனால் மொத்த ஊரும் ஒரே சர்வே நம்பருக்குள் கிடந்தது. உள்ளே யார் வீடு எங்கே முடிகிறது என்பது ஊருக்குத்தான் தெரியும், அரசாங்கத்துக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் நத்தத்தைத் தனித்தனியாக அளந்து பட்டா கொடுத்ததெல்லாம் போன நூற்றாண்டின் கடைசியில்தான். சோளக்காட்டின் மண்ணை நுணுக்கி ஆராய்ந்த அரசாங்கம், அந்தச் சோளத்தை விதைத்தவன் படுத்திருந்த வீட்டின் சுவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காட்டில் அதற்கு வருமானம் இருந்தது, வீட்டில் இல்லை.

அடுத்தது பதிவு. 1864இல் வந்த சட்டத்தோடு மதராஸ் மாகாணத்தில் பதிவுத்துறை பிறந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1908ஆம் ஆண்டுச் சட்டம். வில்லங்கச் சான்று என்ற அற்புதமான காகிதம் இந்த ஏற்பாட்டிலிருந்து கிடைப்பதுதான். நீங்கள் கேட்கும் வருஷங்களில் அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டிவிடும். இன்றைக்கு அதைப் போனிலேயே பார்க்கலாம். ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சார்பதிவாளர் பதிவின்போது முக்கியமாக விசாரிப்பது, எழுதிக்கொடுத்தவர் இவர்தானா, இவர்தான் கையெழுத்துப் போட்டாரா என்பதை. வீட்டில் ஓதம் காக்கிறதா என்பது அவர் வேலை இல்லை.

அரசாங்கத்திலிருந்து யாருமே வீட்டைப் பார்க்க வருவதில்லையா என்றால், வருகிறார்கள். 1967இல் இந்திய முத்திரைச் சட்டத்தில் நம் மாநிலத்துக்காக 47ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி முத்திரைத் தீர்வையை ஏய்ப்பதைப் பிடிப்பதற்கு. பத்திரத்தோடு கட்டடத்தின் வயசு, கூரை எது, தரை எது, சுவர் எது என்று ஒரு விவரத்தாளும் இணைக்க வேண்டும். அது சரியா என்று பார்க்க ஆள் வருவார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். டேப்பைப் பிடித்து அளந்தார், ஓட்டை அண்ணாந்து பார்த்தார், பின்னறை டைல்ஸைப் பார்த்து ஒரு குறிப்பு எழுதினார். வீட்டின் மதிப்பு கூடிவிட்டது. மூழ்கிக்கொண்டிருந்த தரை, அரசாங்கக் கணக்கில் மேலே ஏறியது.

இத்தனையும் அடுக்கிப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. எவருக்கு நஷ்டம் வருமோ அவர்தான் பார்ப்பார், தன் நஷ்டம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் பார்ப்பார். கம்பெனிக்கு நஷ்டம் மண்ணில். பதிவுத்துறைக்கு நஷ்டம் தீர்வையில். பேங்க் வேல்யூவருக்குக் கடன் திரும்பி வருமா என்பதில். சுவர் விழுந்தால் யார் தலையில் விழுமோ அவருக்காகப் பார்க்க ஒருத்தரும் இல்லை.

*

ஒருத்தரும் இருந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. கொத்தனார் இருந்தார். வீடு வாங்குமுன் தெரிந்த கொத்தனாரை அழைத்துப் போகும் வழக்கம் எங்கள் ஊரில் இருந்ததாக அப்பா சொல்வார். அவர் விரல் முட்டியால் சுண்ணாம்புப் பூச்சைத் தட்டி, சத்தம் பொத்தென்று வந்தால் உள்ளே விட்டிருக்கிறது என்பார். சுவரின் அடியில் உப்புப் பூத்திருந்தால் ஓதம். ஆசாரி உத்தரத்தையும் கைமரத்தையும் உளியால் குத்திப் பார்ப்பார். மழை பெய்த மறுநாள் போய்ப் பாரு என்பது பொது அறிவு.

இன்று வாஸ்து என்ற பெயரில் திசைகாட்டி மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆனால் மயமதம் போன்ற பழைய சிற்ப நூல்களில் மனையைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு முழம் ஆழத்துக்குக் குழி வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணையே திரும்பப் போட்டு நிரப்ப வேண்டும். மண் மிஞ்சினால் உத்தமம், சரியாக இருந்தால் மத்திமம், குழி நிரம்பாமல் போனால் அந்த மனை ஆகாது. சாஸ்திரம் என்று வணங்கினாலும் சரி, ஒதுக்கினாலும் சரி, அங்கே ஒருத்தன் மண்ணின் இறுக்கத்தைக் கையால் சோதித்திருக்கிறான். எங்கள் பின்னறையில் அந்தக் குழியை வெட்டியிருந்தால், இரண்டாவது கூடை மண்ணிலேயே ஓட்டுச் சில்லு வந்திருக்கும்.

அமெரிக்காவில் வீட்டுச் சோதனை ஒரு தனித் தொழில். அதற்கென்று 1976இல் ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். அதே 1976இல் கலிபோர்னியாவில் ஒரு பெண்மணி 1,70,000 டாலர் கொடுத்து ஒரு வீடு வாங்கினார். கொஞ்ச நாளில் நிலம் சரிந்தது. சரியாக இறுக்காமல் கொட்டிய மண்ணின் மேல் கட்டிய வீடு அது. விற்றவர்களுக்கு முன்பே சரிவு ஏற்பட்டது தெரியும், சொல்லவில்லை. தரகர்களோ, சரிவைப் பிடித்து நிறுத்தப் போட்டிருந்த வலையையும், ஒரு தரை மட்டம் தப்பியிருந்ததையும் பார்த்தும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. 1984இல் வந்த தீர்ப்பு, நியாயமான கவனத்தோடு வீட்டைச் சோதிப்பது தரகரின் கடமை என்றது. அதன் பிறகு, விற்பவர் குறைகளைப் படிவத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டம் போட்டது. தரை மட்டம் தப்பியிருந்தது என்ற இடத்தை வாசித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இன்னொரு வழக்கு வேடிக்கையானது. நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீட்டில் பேய் இருப்பதாக அதன் சொந்தக்காரியே பத்திரிகைகளில் பிரபலப்படுத்தியிருந்தார். வாங்கிய வெளியூர்க்காரருக்கு அது தெரியாது. 1991இல் நீதிமன்றம், ஊருக்கெல்லாம் பேய் இருக்கிறது என்று சொன்னவர் இப்போது இல்லை என்று மறுக்க முடியாது, சட்டத்தின் கண்ணில் அது பேய்வீடுதான் என்றது. பேய் உண்டா இல்லையா என்பது விஷயமில்லை. எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் வாங்குகிறவரால் கண்டுபிடிக்க முடியாத ஒன்றை, தெரிந்தவர் சொல்லாமல் விட்டார் என்பதுதான் விஷயம்.

நமக்கு இதெல்லாம் இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கிறது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம், 55ஆம் பிரிவு. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதபோது, சொத்திலோ அதன் உரிமையிலோ உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அகப்படாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்று அதே பிரிவு கடைசியில் சொல்கிறது. உரிமையில் மட்டும் என்று சொல்லவில்லை, சொத்திலும் என்கிறது. நூற்று நாற்பது வருஷமாக அந்த வரி அங்கேதான் இருக்கிறது.

புதுக் கட்டடங்களுக்கு 2016இல் ரெரா சட்டம் வந்தது. ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அது வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2014 ஜூன் 28 அன்று, மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கட்டடத் தொழிலாளிகள். நான் அப்போது போரூரில் வாடகைக்கு இருந்தேன். ராத்திரியெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தம். அனுமதி வாங்கிக் கட்டிய கட்டடம் அது. காகிதம் இருந்தது. அதைப் பார்த்த பிறகும், சில வருஷம் கழித்து நான் ஃபிளாட் வாங்கியபோது லீகல் ஒப்பீனியனை மட்டும்தான் வாசித்தேன். ஒரு சுவரைக்கூடத் தட்டவில்லை.

*

அக்ரிமெண்ட் போடும் முந்தைய ராத்திரி மூலப்பத்திரத்தை எடுத்து வாசித்தேன். 1958இல் அப்பாரு பேருக்கு வந்த பத்திரம். குமாஸ்தா ஜெராக்ஸில் பேர்களுக்குப் பக்கத்தில் டிக் அடித்திருந்தார். சொத்து விவரம் இருந்த கடைசிப் பக்கத்தில் டிக் இல்லை. அங்கே, வீட்டுக்குப் பின்னால் உள்ள கிணறு ஒன்றும் சேர்த்து என்று எழுதியிருந்தது. 1987 பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பார்த்தேன். கிணறு இல்லை. இடையில் அது காகிதத்திலும் தூர்ந்துவிட்டது.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்தார். "பத்திரத்துலயே இருக்குதுல்ல. பாத்துட்டுத்தான வாங்குறாங்க" என்றார்.

"அவங்க பாக்கலைங்கப்பா."

"நாம மறைக்கலியே."

நான் டைல்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விற்கும் பணத்தில் பாதி என் வீட்டுக் கடனுக்குப் போக இருந்தது. அதனால் அவரை நியாயம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. டைல்ஸ் போடுங்கள் என்று சொன்னதே நான்தான். வெகுநேரம் கழித்து அப்பா, "உங்க அப்பாயி இருந்திருந்தா வந்தவங்ககிட்ட மொத நாளே சொல்லியிருக்கும்" என்றார். பிறகு, "நீயே சொல்லிரு. எனக்கு வாய் வராது" என்றார்.

காலையில் போன் செய்து சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் ஊரெல்லாம் பூமிய ஓட்ட போட்டுப் பாக்குறவன். எனக்கே தெரியலீங்களே" என்றார். பத்து நாள் சத்தமில்லை. பதினோராம் நாள் ஒரு வயசான கொத்தனாரோடு வந்தார். கொத்தனார் பின்னறைக்கு நடுவில் ஒரு டைல்ஸைப் பெயர்த்து, கம்பியால் குத்தி, இரண்டு குடம் தண்ணி ஊற்றினார். உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணி நிற்கவில்லை. விலை குறைந்தது. கணிசமாகவே குறைந்தது. என் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிரயம் எழுதும்போது வாங்குகிறவர் ஒன்று கேட்டார். சொத்து விவரத்தில், பின்னறையின் கீழ் தூர்க்கப்பட்ட கிணறு ஒன்று உள்ளது என்று சேர்க்க வேண்டும். பத்திர எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இந்த மாதிரி யாரும் எழுதச் சொன்னதில்லீங்க. நாளைக்கு நீங்க விக்கும்போது உங்களுக்குத்தான் வெல குறையும்."

"தெரியுமுங்க. எழுதுங்க" என்றார் அவர்.

எழுத்தர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார். 1987இல் விட்டுப்போன கிணறு மறுபடியும் பத்திரத்தில் ஏறியது.